அமுக்காத பொத்தான்

பெயரையும் விலாசத்தையும் முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. மேற்படி வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். தனியாக வசிப்பவர்களுக்காக இணையதளம் நடத்தும் ஒரு புதிய நிறுவனத்தில் கணினிப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். அங்கே என்னை 'பிளம்பர்' என்று கூப்பிடுவார்கள். மற்றவர்கள் புதிது புதிதாகக் கட்டுவார்கள், ஒழுகுவதை அடைப்பது நான்.

எங்களிடம் சேர்ந்தவர் தினமும் காலையில் கைபேசியில் 'நலம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் அவர் குறித்துக்கொடுத்த ஆளுக்கு எங்களிடமிருந்து போன் போகும். மொத்தத் தொழிலும் இவ்வளவுதான். அந்தக் கணினி அடிக்கடி மக்கர் செய்ததால், புதிய வசதிகளை நிறுத்திவைத்து அதை முதலில் சரிசெய்யலாம் என்று கேட்டுக்கேட்டு என் வாய் வலித்தது. முதலாளி, "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா பணம் போடறவங்க வந்தா, உடையாம இருக்கறதையா காட்டுவேன்?" என்பார். கெட்டவர் அல்ல, வாய்ப்பந்தல் போடுவதில் கெட்டிக்காரர்.

அதன் பிறகு 'காலை வாழ்த்து' என்ற வசதி வந்தது. தினமும் ஒரு பூப்படம் போகும், அதைத் திறந்தாலே 'நலம்' என்று பதிவாகிவிடும், பொத்தானை அமுக்க வேண்டியதில்லை என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அதன் பிறகு எனக்குக் கடும் காய்ச்சல் கண்டது. சோதனைக்காக என்னையும் தளத்தில் சேர்த்திருந்தேன். தகவல் சொல்ல வேண்டிய ஆள் என்று போட யாரும் இல்லாததால் அலுவலக எண்ணையே போட்டிருந்தேன். அலுவலகத்தில் லீவு சொன்னதோடு சரி, அதன்பின் இரண்டு நாள் கைபேசியைத் தொடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கீழ்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குத் திரும்பி என் பதிவைப் பார்த்தபோது, இரண்டு நாளும் 'நலம்' என்று இருந்தது. பூப்படத்தை ஆள் தொடும் முன்பே கைபேசி தானாக இறக்கி வைத்துக்கொள்வதையும், ஆள்தான் திறந்ததாக எங்கள் கணினி அதை எடுத்துக்கொள்வதையும் கண்டுபிடித்து முதலாளியிடம் சொன்னேன். "லீவுன்னு சொன்னவள எதுக்குக் கூப்பிடணும்?" என்று முதலில் சிரித்தார். அதன் பிறகு முகம் மாறி, "வெள்ளிக்கிழமை பணம் போடறவங்க வர்றாங்க, அவங்களுக்குக் காட்டி முடிச்சிடலாம். சனிக்கிழமை மொத்தப் பேரும் உன்கூட உக்காருவாங்க, சத்தியமா" என்றார். வாழ்த்தை அப்போதே நிறுத்தும் வழி என் கையில் இருந்தது. நான் நிறுத்தவில்லை. ஒரு நாளாவது எல்லோரும் என் மேசையைச் சுற்றி உட்காருவார்கள் என்று ஆசைப்பட்டேன்.

சனிக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது, எங்களிடம் சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் மகள் போன் செய்து, வாராவாரம் போவதுபோல் அப்பாவைப் பார்க்கப் போனதாகவும், அவர் குளியலறையில் விழுந்து இறந்துகிடப்பதாகவும் சொன்னார். முதலாளி பதிவைப் பார்த்து, "இன்னிக்குக் காலைல கூட நலம்னு சொல்லியிருக்காரும்மா. கஷ்டப்படாம போயிட்டார்" என்றார். அந்த மகள் நன்றி சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

பொத்தானின் பதிவு தனியாக இருக்கிறது. வாழ்த்து வந்த பிறகும் அந்தப் பெரியவர் தினமும் பொத்தானை அமுக்கி வந்திருக்கிறார். கடைசியாக அமுக்கியது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு வரை அவர் உயிரோடு இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துதான் அறிந்தேன்.

இதையெல்லாம் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் அலுவலகத்தில் வற்புறுத்தினார்கள். படித்துக்காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. அந்த மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா கஷ்டப்படவில்லை என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டதும் நானே போய் அவரிடம் சொல்ல அனுமதி கேட்டுள்ளேன்.

(கையெழுத்து)