அப்பாக்களுக்கும் ஓர் அறை

நெற்றியிலே கண்டிப்பையும் கண்களிலே கனிவையும் ஒருசேர வைத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே! மின்சாரத்தையே அடக்கத் தெரிந்தும் தம் குரலை அடக்கத் தெரியாத மின்பட்டறை ஆசிரியர் அவர்களே! (சிரிக்கிறார், சிரிக்கிறார், பிழைத்தேன்.) வாழ்ந்து பழுத்து, வாழ்த்துவதற்கென்றே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியிலே ஒரு பிள்ளை, தோளிலே ஒரு பை, மனத்திலே ஓராயிரம் வேலை என்று வந்திருந்தும் முகத்திலே மலர்ச்சியோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இன்றுதான் கல்லூரியில் சேர்ந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் பின்சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் அப்பாக்களே! முன்னால் வாருங்கள், சுவர் விழாது. நாற்காலிகளை உங்களுக்காகத்தான் போட்டிருக்கிறோம்.

அனைவருக்கும், இந்தக் கல்லூரியின் நூலகர் என்ற முறையிலும், "பேசாதீர்கள், பேசாதீர்கள்" என்று சொல்லியே காலத்தைக் கழித்துவிட்டு இன்றைக்கு ஒலிபெருக்கி கையில் கிடைத்த ஒருத்தி என்ற முறையிலும் என் அன்பான வணக்கம்.

அங்கே ஒரு குழந்தை அழுகிறது. ஐயா, எழுந்து வெளியே போகாதீர்கள்! உட்காருங்கள். அழட்டும். இன்றைய விழாவே அந்த அழுகைக்காக எடுத்த விழாதான். நூலகத்துக்குப் பக்கத்தில் இன்று புதுப்பித்து, பலகை மாட்டி, முறையாகத் திறந்து வைத்தோமே அப்பாக்கள் அறை, அது எப்படி வந்தது? அரசாணையால் வந்ததா? அறிஞர் குழு அமர்ந்து ஆராய்ந்து வந்ததா? இல்லை. ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் முழங்காலால் வந்தது!

சிரிக்காதீர்கள், உண்மை. மூன்றாம் வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். "உங்கள் கதையைச் சொல்லட்டுமா?" என்று நேற்றே கேட்டுவிட்டேன். "தாராளமா சொல்லுங்க மேடம், கணக்குப் பாடத்துல நான் வாங்கின மார்க்கை மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன். அது நூலகரின் வாக்கு.

உயர்ந்த கட்டடங்களின் உள்ளே, ஒளி நுழையாத குழிக்குள் இறங்கி, கம்பியையும் கப்பியையும் சரிபார்ப்பது அவர் தொழில். நாமெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு ஏறிப் போகிறோம். ஏற்றிவிடுகிறவர் இருட்டுக்குள் நிற்கிறார். ஒருநாள் ஏணி வழுக்கியது. குழிக்குள் விழுந்தார். உயிர் தப்பியது, முழங்கால் தப்பவில்லை. காலைச் சோதித்த மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: "இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ரொம்ப நாள் ஏணி ஏற முடியாது. வேற வேலை பார்த்துக்கோங்க."

வேறு வேலை! வாயால் சொல்வதற்கு எவ்வளவு எளிது! நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை இருந்தது. அதற்கு டிப்ளமா வேண்டும். அவரோ, தகப்பனார் படுக்கையில் விழுந்த காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். கையிலே தொழில் இருந்தது, காகிதம் இல்லை. காலிலே வலி இருந்தது, வழி இல்லை. அப்போதுதான் நம் மாலை வகுப்பில் வந்து சேர்ந்தார்.

அவருடைய மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் உட்காருகிறவர். ஒரு மகள், பள்ளிக்கூட வயது இன்னும் வரவில்லை. வீட்டில் அவளுக்கு வைத்த செல்லப்பெயர் வாயாடி. பேசிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மிகப் பொருத்தமான பெயர். தாய் பகல் ஷிப்டில் இருந்தவரை சிக்கலில்லை. அவர் வீடு திரும்புவார், இவர் கல்லூரிக்குப் புறப்படுவார். வாசலிலேயே பிள்ளை கை மாறும். "சாப்பிட்டாச்சு, மருந்து கொடுத்தாச்சு, தூங்க அடம்பிடிக்கிறா" என்று மூன்று வார்த்தையில் குடும்பம் நடந்தது.

பிறகு தாய்க்கு மாலை ஷிப்ட் வந்தது. பிள்ளையை எங்கே விடுவது?

தூக்கிக்கொண்டு கல்லூரிக்கே வந்தார். வகுப்பில் மடியில் வைத்துக்கொண்டார். பாடம் நடக்கும்போது வாயாடி சும்மா இருப்பாளா? "அப்பா, அந்த மாமா ஏன் சுவத்துல கிறுக்குறாரு? யாரும் திட்டலையா?" என்று உரக்கக் கேட்டாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பறை பொறுத்துக்கொண்டது. ஆனால் பட்டறை? அங்கே மின்சாரம் ஓடும் கம்பிகள். மின்பட்டறை ஆசிரியர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "குழந்தையோட உள்ள வராதீங்க. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" அவர் செய்தது தவறா? இல்லை! நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சரி, வேறு எங்கே போவது? நம் கல்லூரியிலே அப்போது ஓர் அறை இருந்தது. தொட்டில் உண்டு, மெத்தை உண்டு, விளையாட்டுப் பொம்மை உண்டு. வாசலில் பலகை: 'தாய்மார்கள் அறை.' உள்ளே பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்கள் இருந்தார்கள். இவர் எப்படி நுழைவார்? நுழையலாமா என்று கேட்கக்கூட நாக்கு எழாமல், மகளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியிலே உட்கார்ந்துவிட்டார். மேலே பட்டறையில் அவருடைய பாடம் நடந்துகொண்டிருந்தது. கீழே அவர் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

தாய்மாருக்கு அறை கட்டிய நல்ல உள்ளங்களை நான் குறை சொல்லவில்லை. அது வேண்டும், இன்னும் நூறு வேண்டும். ஆனால் கேட்கிறேன்: பிள்ளைக்குத் தகப்பன் இல்லையா? தகப்பனுக்குத் தோள் இல்லையா? தோளிலே தூங்கும் பிள்ளையைக் கிடத்த அவனுக்கு ஓரிடம் வேண்டாமா? (கைதட்டலுக்கு நன்றி. முதலில் தட்டியது தாய்மார்கள் பக்கம் என்பதைப் பதிவு செய்கிறேன்.)

செய்முறை வகுப்புகள் தவறின. வருகை குறைந்தது. தேர்வு எழுத முடியாது என்ற நிலை வந்தது. ஒரு நாள் மகளோடு நூலகத்துக்கு வந்து புத்தகங்களை மேசைமேல் வைத்தார்.

"இதையெல்லாம் எடுத்துக்கோங்க மேடம்."

"தேர்வு இன்னும் வரலையே?"

"எனக்கு முடிஞ்சுபோச்சு மேடம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். தோற்றுப்போனதை ஒப்புக்கொண்ட மனிதனின் சாந்தம் இருந்ததே, அதுதான் என்னை உலுக்கியது.

பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்தவர் அவருடைய வகுப்புத் தோழர், பஸ் கண்டக்டர். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். காதில் விழுந்ததும் எழுந்து வந்தார். "என்ன தம்பி, கடைசி ஸ்டாப் வர்றதுக்குள்ள இறங்கப் பார்க்கிற? டிக்கெட் எடுத்தாச்சுல்ல, உட்காரு!" என்று அதட்டினார். நூலகத்தில் உரக்கப் பேசியதற்காக நான் கண்டிக்காத ஒரே மனிதர் அவர்தான்.

வகுப்பில் இருந்த மற்ற அப்பாக்களையும் கூட்டி அன்றே பேசி முடித்தார்கள். பட்டறையிலே இரண்டு பிரிவு. ஒரு பிரிவினர் உள்ளே இருக்கும்போது மறு பிரிவினருக்கு ஓய்வு. ஓய்வில் இருக்கும் அப்பா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது. எங்கே? நூலகத்தை ஒட்டி உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த அறை ஒன்று இருந்தது. சாவி யாரிடம் இருந்தது? என்னிடம்தான். கொடுத்தீர்களா என்று முதல்வர் பார்வையாலேயே கேட்கிறார். கொடுத்தேன் ஐயா! இன்னொரு முறை நேர்ந்தாலும் கொடுப்பேன்!

சில வாரங்கள் நன்றாகவே நடந்தது. ஒரு மாலை, முதல்வர் அந்தப் பக்கமாக நடந்து வந்தார். பூட்டியிருக்க வேண்டிய அறைக்குள்ளே இருந்து "ரைட், ரைட், போலாம்!" என்று சத்தம். கதவைத் திறந்தார். உள்ளே நாற்காலிகள் வரிசையாக, பிள்ளைகள் பயணிகளாக, கண்டக்டர் கண்டக்டராக! வாயாடி முதல்வரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாத்தா, படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாளாம்.

முதல்வர் சிரிக்கவில்லை. மறுநாளே அறைக்குப் புதுப் பூட்டு. உடைந்த மரம், ஆணி, பிள்ளைகள், பொறுப்பு என்று அவர் எழுப்பிய கேள்விகள் அத்தனையும் நியாயமானவை. எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார். அப்பாக்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். மெக்கானிக் மட்டும் பேசினார். "என்னாலதான் சார் இதெல்லாம். நான் நின்னுக்கறேன். மத்தவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "நான் ஒரு வார்த்தை பேசலாங்களா?"

அவருடைய மனைவி. வேலைக்குப் போகும் வழியில், தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தார். மேடை ஏறிப் பழகியவர் அல்லர். ஆனாலும் முதல்வரின் எதிரிலேயே வந்து நின்றார்.

"சார், இவரு நின்னுட்டா நாங்க பட்டினியா கிடக்கப் போறதில்லை. நான் சம்பாதிக்கிறேன். ஆனா படிக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் இவரு மறுபடியும் வீட்ல சிரிக்கிறாரு. அடிபட்டுப் படுத்தப்போ எங்களோட பேச்சே கிடையாது. மகளைத் தூக்கக்கூட பயந்தாரு. இப்போ அவளை மடியில வச்சுக்கிட்டுப் படிக்கிறாரு. அந்த மனுஷனை நீங்க வீட்டுக்கு அனுப்பிட்டா, திரும்பி வர்றது பழைய ஆளா இருக்கும். எனக்கு அந்தப் பழைய ஆள் வேண்டாங்க."

சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். "நீங்க நின்னுக்கறேன்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மின்பட்டறை ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் குரலுக்கு அது மெல்லிய கனைப்பு! "ஞாயித்துக்கிழமை காலையில நான் வர்றேன். விட்டுப்போன செய்முறை எல்லாத்தையும் முடிச்சுடலாம்." பூட்டியவரே வழி திறந்தார். முதல்வர் சொன்னார்: "பூட்டு இருக்கட்டும். உடைஞ்ச சாமானை வெளியே எடுங்க. ஆணியைப் பிடுங்குங்க. பிள்ளைங்களைப் பார்த்துக்க முறையா ஒரு ஆளைப் போடறேன். அப்புறம் திறக்கலாம்." ஆட்சி செய்வது எளிது, அன்பு செய்வது எளிது; ஆட்சியிலே அன்பு செய்தீர்களே ஐயா, அது அரிது!

பிறகு என்ன ஆயிற்று? சொன்னபடியே எல்லாவற்றையும் சரிசெய்து அறையை மறுபடியும் திறந்தார்கள். மெக்கானிக் தேர்வு எழுதினார். கணக்கில் தவறினார். (மார்க்கைச் சொல்லவில்லை பாருங்கள்!) மூத்த மாணவர் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, மறுபடியும் எழுதித் தேறினார். இன்று அவர் மேற்பார்வையாளர். ஏணி ஏறுவதில்லை, ஏணி ஏறுகிறவர்கள் விழாமல் பார்த்துக்கொள்கிறார். இதைவிட உயர்ந்த உயர்வு உண்டா?

இங்கேயே நான் முடித்துக்கொண்டால் நீங்கள் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவீர்கள். ஆனால் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே வகுப்பிலே ஒரு பெயின்டர் இருந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு சிறு மகன்கள். அறை பூட்டப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடியும் திறப்பதற்குள் அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பிள்ளைகளோடு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். கண்டக்டர் தேடிப் பார்த்தார்; கிடைக்கவில்லை. அவர் சோம்பேறியா? இல்லை. அறிவிலே குறைந்தவரா? வகுப்பிலேயே முதல் மாணவர்! நாம் சற்றுத் தாமதமாகக் கதவைத் திறந்தோம், அவ்வளவுதான்.

ஆகவே புதிய அப்பாக்களே, உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தாங்கிக்கொள்ள முடியாமல் போகும்வரை காத்திருக்காதீர்கள், தடுமாறும்போதே சொல்லுங்கள். பிள்ளையை விட இடமில்லையா? அறை இருக்கிறது. பாடம் விட்டுப்போயிற்றா? பாடத்தின் ஒலிப்பதிவு நூலகத்தில் இருக்கிறது. புத்தகம் வாங்க வசதி இல்லையா? இரவல் கொடுக்க நான் இருக்கிறேன். உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியவில்லையா? அலுவலகத்தில் தனி மேசை போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார், அதட்ட மாட்டார். "இந்த வயசுல போய்க் கேட்கறதா?" என்று கூசாதீர்கள். கேட்பது கேவலமா? கற்பது கேவலமா? மகன் பார்க்க, மகள் பார்க்க, மறுபடியும் மாணவனாய் மண்டியிடும் தகப்பனைவிட நிமிர்ந்த மனிதன் யார்? பட்டம் பெறும்போது நீங்கள் பெருமைப்படுவீர்கள். பாடத்தில் தவறி, மறுபடியும் புத்தகத்தைத் திறக்கிறீர்களே, அந்த நாளில் உங்கள் பிள்ளை பெருமைப்படும்!

வகுப்பு நாளை மாலை தொடங்குகிறது. பிள்ளைகளோடு வாருங்கள். உங்களுக்கு முன்பே நான் வந்து கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டு, ஒருமுறைகூட "உஷ்" என்று சொல்லாத பெருந்தன்மைக்கு நன்றி கூறி, கற்க வந்திருக்கும் தந்தையரையும் அவர்களைக் கைபிடித்து அனுப்பியிருக்கும் குடும்பத்தாரையும் வாழ்த்தி வணங்கி அமர்கிறேன்.