கம்பளத்தை மடிக்கக் கூடாது

ஐயா, இந்த மேஜைக்கு அடியில் கிடக்கிற தேங்காய்நார் விரிப்பை யார் வாங்கினார்களோ தெரியாது. வாங்கியவருக்கு மூக்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது. ஒருமுறை ஈரம் குடித்த நார் சித்திரை வெயிலிலும் நாறும். போகட்டும். எனக்கு நாற்காலி போட்டீர்கள், காபி வாங்கித் தந்தீர்கள். குறை சொல்ல வரவில்லை.

உங்கள் ஏட்டு தணிகாசலம் என் ரத்தினக்கம்பளத்தை நாலாக மடித்து, கயிறு போட்டு இறுக்கி, பின்பக்க அறையில் ஜன்னலுக்குக் கீழே போட்டிருக்கிறார். அந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறது. மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கம்பளத்தை மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். பூப்பக்கம் வெளியே இருக்கும்படி, உள்ளே வேப்பிலையும் வசம்பும் வைத்துச் சுருட்ட வேண்டும். அந்த மனுஷனுக்கு வேட்டிக்கும் கம்பளத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நேற்று நீங்கள், “உள்ளதச் சொல்லிடுங்க, நீங்களே அவுத்துச் சுருட்டி வைக்கலாம்” என்றீர்கள். படித்தவர், பேச்சு மாற மாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். வேறு காரணம் இல்லை.

கோதண்டபாணி, வயது நாற்பத்தொன்பது. பட்டுக்கடை. பிள்ளையார்பாளையத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் நானும் என் மனைவி செல்லியம்மாளும் இருக்கிறோம். செத்துப்போனவர் என் அண்ணன் அப்பாதுரை.

எங்கள் தெருவில் நாலு காசு பார்த்தவன் எல்லாம் கம்பளம் வாங்குகிறான். எப்படி வாங்குகிறான் என்று பார்த்தால் சிரிப்பு வரும். சிவப்பாக இருக்கிறதா, மயில் இருக்கிறதா, அவ்வளவுதான். கம்பளத்தைத் திருப்பிப் பின்பக்கம் முடிச்சைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்தினால் தலைமுடி பொசுங்குகிற வாசம் வர வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பட்டும் சாயமுமாகப் புழங்குகிற ஜனங்கள், காலுக்குக் கீழே போடுவது என்றதும் கண்ணைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். என் கம்பளத்தை நான் அறுபத்து நாலில் ஆற்காட்டில் ஒரு சாயபு வீட்டில் வாங்கினேன். அந்தப் பெரியவர் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார். எட்டு வருஷமாக அதில் ஒரு கறை விழ விட்டதில்லை, அண்ணன் வைத்த ஒன்றைத் தவிர.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் தறிக்குழி இருக்கிறது. நெய்கிறவர்கள் வீட்டில் எல்லாம் இருப்பதுதான். விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்வார்கள். அப்பா போனதும் தறியைப் பிரித்துப் போட்டு, குழிமேல் பலகை அடுக்கி, அதன்மேல்தான் கம்பளத்தை விரித்தேன். மெட்ராஸிலிருந்து வருகிற வியாபாரிகள் அதில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். அடியில் பள்ளம் இருப்பது ஒருத்தருக்கும் தெரியாது.

அண்ணனுக்குத் தெரியும். முப்பது வருஷம் அந்தக் குழியில் நெய்தவர். ஓரிக்கை போகிற வழியில் வாடகை வீட்டுக்குத் தறியோடு போன பிறகும், இங்கே வந்தால் வேறு இடத்தில் உட்கார மாட்டார். பெஞ்சு இருக்கும், நாற்காலி இருக்கும். நேராக வந்து, வாசலைப் பார்த்துத் திரும்பி, குழி இருந்த இடத்தில் பொத்தென்று உட்காருவார். கழுவாத கால், கஞ்சிப்பசை ஒட்டிய வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. போன வருஷம் பேசிக்கொண்டே இருந்தவர் வாயிலிருந்து சாறு ஒழுகிக் கம்பளத்தில் விழுந்தது. நான் ஓடிப்போய்த் துணியால் ஒற்றினேன். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். அவர் சிரித்தார்.

“செவப்புல செவப்பு பட்டா இன்னாபா தெரியப் போவுது?”

எனக்குத் தெரிந்தது. தினமும் தெரிந்தது.

இந்த ஐப்பசியில் வந்தபோது வேறு செய்தி கொண்டுவந்தார். “கோதண்டம், அங்க குழியில தண்ணி ஊறுதுபா. காலு முழுக்கத் தண்ணியில வச்சிக்கினுதான் மிதிக்கிறேன். பாவு நூலு ஈரம் ஏறி அறுந்து அறுந்து போவுது. நம்ம ஊட்டுக் குழிய எனக்கு வுட்டுடு. தை பொறந்தா தறிய எறக்கிடறேன்.”

“வியாபாரிங்க வந்து உக்கார்ற எடம்ணா அது.”

“அவங்கள மாடியில குந்த வையி. கம்பளிய சுருட்டி மூலையில போடு. அப்பா எனக்கும் சேத்துத்தானே ஊட்ட எழுதி வச்சாரு?”

அவர் சொன்னது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. செல்லியம்மாளும், “பெரியவரு பாவம், குடுத்துடுங்களேன்” என்றாள். நியாயம் பேசுகிறவர்கள் யாரும் அந்தக் கம்பளத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தை விட்டால் அதை முழுசாக விரிக்க அந்த வீட்டில் இடமே இல்லை. மூலையில் போடு என்கிறார். வேலை செய்து வேலை செய்து மூளை மழுங்கிப்போன ஆளிடம் என்ன பேசுவது? சரிண்ணா என்றேன். புதன்கிழமை காலையில் வந்து குழியை அளந்துகொண்டு போவதாகச் சொன்னார். அவ்வளவு சந்தோஷம், என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சட்டையில் கஞ்சிக் கறை.

செவ்வாய்க்கிழமை செல்லியம்மாள் வளைகாப்புக்காக வாலாஜாபாத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். புதன்கிழமை விடிந்ததும் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். இறங்கி வந்து பலகைகளை எடுத்தேன். குழி ஒன்றும் பெரிய ஆழமில்லை. விழுந்தவன் இடுப்பைத் தடவிக்கொண்டு எழுந்து வந்துவிடுவான். அதனால் கொல்லையில் கிடந்த பழைய அம்மிக்கல்லைப் புரட்டி வந்து உள்ளே இறக்கி, தலை சாய்கிற பக்கமாக நிறுத்தினேன். கரையான் அரித்த பலகை ஒன்றை உடைத்துத் துண்டுகளையும் உள்ளே போட்டேன். மேலே பழைய ஜமக்காளத்தை இழுத்து விரித்தேன். பவானி ஜமக்காளம், ஓரமெல்லாம் பிரிந்தது. போனால் போகட்டும் என்கிற சரக்கு.

தெருமுனையில் அண்ணன் தலை தெரிந்தபோது நான் மாடியில் இருந்தேன். கம்பளத்தைக் கைப்பிடிச் சுவரில் பூப்பக்கம் உள்ளே போகப் போட்டிருந்தேன். தட்டுவது எப்போதும் முதுகுப்பக்கம்தான்.

“கோதண்டம், கீறியாபா?” என்றார் வாசலில் நின்று.

“உள்ள போயி உக்காருண்ணா, வரேன்” என்றேன்.

உட்கார்ந்தார்.

தட்டுகிற சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். விழுந்தது. “கோதண்டம், கை குடுபா” என்று கூப்பிட்டார். பிறகு பேரை மட்டும் கூப்பிட்டார். கம்பளத்தின் முதுகில் நூறு தட்டு என்பது என் கணக்கு. பாதியில் விட்டால் கிளம்பிய தூசி திரும்பப் போய் அடியில் உட்கார்ந்துகொள்ளும், முன்னைவிட மோசமாக. அவர் கூப்பிட ஆரம்பித்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. கொஞ்சம் ஓங்கித் தட்டினேன். நூறு முடிந்து, கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, பூப்பக்கம் தென்னந்துடைப்பம் படாமல் மெல்லிய துணியால் நீவிவிட்டு, நிழலுக்கு இழுத்து வைத்துவிட்டு இறங்கினேன். அப்போது சத்தம் நின்றிருந்தது.

பலகையைக் கரையான் அரித்துவிட்டது, அம்மிக்கல் வெகுநாளாகக் குழிக்குள்ளேயே கிடந்தது என்று அழுதேன். தெருவே நம்பியது. நீங்களும் முதலில் நம்பினீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைப் பிடித்துக் கொடுத்தவள் செல்லியம்மாள். சாயங்காலம் வந்தவள் கூடத்துக்குள் நுழைந்தாள். அண்ணனைப் பார்த்தாள், அப்புறம் குழிக்குள் சரிந்து கிடந்த ஜமக்காளத்தைப் பார்த்தாள். எல்லார் முன்னிலையிலும் கேட்டாள்.

“கம்பளம் மாடிக்குப் போனா கூடத்துல எதையும் விரிக்க வுட மாட்டீங்களே. தரைக்குக் காத்து ஓடணும்னு என்னக்கூட ஒரு கோணி போட வுட்டதில்ல. இன்னிக்கி எதுக்கு ஜமக்காளம்?”

எட்டு வருஷமாக நான் சொன்னது எதையும் அவள் காதில் வாங்கியதில்லை என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறாள்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், கம்பளத்தையே குழிமேல் விரித்திருந்தால் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காதே, பலகை உடைந்தது, மனுஷன் விழுந்தான் என்று போயிருக்குமே என்று. எனக்கு அது தோன்றாமல் இல்லை. செவ்வாய் ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். மனசு வரவில்லை. நானும் மனுஷன்தானே.

அப்பாதுரையை நான்தான் கொன்றேன். திட்டம் போட்டு, கூப்பிட்டு உட்கார வைத்துக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் மண்டையிலிருந்து வந்த ரத்தம் முழுவதும் ஜமக்காளத்தில்தான் இறங்கியது, கம்பளத்தில் ஒரு சொட்டுப் படவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக்கு யாரும் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று சொல்லிவிடக் கூடாது.