இருபத்தாறாவது வரி

கணக்கு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குஷி, ஐயா. டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைக் கணினியில் பக்கம் கட்டுவது என் வேலை. அதற்கென்று இருக்கும் கணினி மொழியில் நீளங்களைக் கூட்டலாம், கழிக்கலாம். மில்லிமீட்டரோடு 'எம்'மைச் சேர்த்தாலும் முகம் சுளிக்காது. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் சிரித்துக்கொண்டு நிற்பதை வேறெங்கே பார்க்க முடியும்? எம் என்பது எழுத்தின் அளவு. எட்டு பாயிண்ட் எழுத்துக்கு ஒரு எம் எட்டு பாயிண்ட். வரிக்கு ஒன்றரை எம் உயரம் என்பது என் வழக்கம். அதில் கை வைக்க மேலாளரையே விட்டதில்லை.

அந்த இருமல் மருந்துத் தாளில் எனக்குக் கிடைத்த உயரம் நூற்றுப்பத்து மில்லிமீட்டர். எட்டு பாயிண்ட் எழுத்தில் வரிகள் இருபத்தாறு. பெருக்கினால் நூற்றுப்பத்து புள்ளி பூஜ்யம் ஏழு மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம்தான் கூடுதல். அதற்காகக் கடைசி வரி தன்னந்தனியாக அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இடைவெளியைத் துளி குறைத்திருக்கலாம்தான். ஆனால் ஒன்றரை என்றால் ஒன்றரை.

வரியை எடுத்துவிட்டேன். பிழை பார்ப்பவர் பார்த்து முடித்த பிறகுதான் எடுத்தேன், அவர்மேல் குற்றமில்லை. மிச்சமான நாலு மில்லிமீட்டரை மேலே பாதி, கீழே பாதி பிரித்துக் கொடுத்தேன். பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். அவள் மகனுக்கு அப்போது பதினோரு மாதம். என்னைக் கண்டால் என் மூக்குக்கண்ணாடியைத்தான் முதலில் பிடுங்குவான்.

"அண்ணா, இந்த இருமல் மருந்துத் தாள் நீ போட்டதுதானே? சின்னவனுக்குக் குடுக்கலாமா? வேணாம்னு எதுவும் போடலையே."

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்தக் கடைசி வரி. எனக்கு மனப்பாடம். சொன்னால், அப்புறம் ஏன் தாளில் இல்லை என்று கேட்பாள்.

"தாள்ல இல்லைன்னா குடும்மா," என்றேன்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. நான்தான் அவனைக் கையில் ஏந்திக்கொண்டு இடுகாட்டுக்குப் போனேன். நிறைய அழுதேன், ஐயா.

வரியை நான் எடுத்தது தெரிந்ததிலிருந்து தங்கை என்னோடு பேசுவதில்லை. வரிகளைக் கொஞ்சம் நெருக்கியிருந்தால் பிள்ளை இருந்திருப்பானே என்கிறாளாம். பக்கம் எப்படி ஆகியிருக்கும் என்று அவள் யோசிக்கவேயில்லை.