கருப்பு கிளிப் என் கையில

ஹலோ… சொல்லுங்க… ஏங்க, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்கு போன் பண்றீங்க?… ஷெட்டுல இருந்தா? ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவுல ஒரு சுவர்தான், ஒரு குரல் கொடுத்தா வந்துட மாட்டேனா?… கொடுத்தீங்களா?… கத்தினீங்களா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே.

ம்… ம்… ஏன் இப்படிக் கிசுகிசுன்னு பேசறீங்க?… அத்தைக்குக் கேக்காது, அவங்க டிவியில மூழ்கிக் கிடக்காங்க… உங்க அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா, சொல்லுங்க… என்னது?… இன்னொரு தடவை சொல்லுங்க… வண்டிக்குள்ள… மாட்டிக்கிட்டு… நம்ம வண்டிக்குள்ளயா?

சிரிக்கல. யார் சிரிச்சா? குக்கர் சத்தம் அது… சரி சரி, வர்றேன், கோபப்படாதீங்க… வந்துட்டே இருக்கேன்… செருப்பை எங்க விட்டேன்… ஆங்…

அடடா. அடடடா… இருங்க, லைட்டைப் போடறேன். இந்தக் காட்சியை நல்ல வெளிச்சத்துல பாக்கணும்… இங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கை ஆட்டறேன் பாருங்க… நீங்களும் ஆட்டலாம், தப்பில்ல.

எதுமேல உக்காந்திருக்கீங்க?… பாத்ரூம் ஸ்டூலா? காலையில இருந்து அத்தை அதைத்தான் தேடிட்டு இருக்காங்க!

ஒரு நிமிஷம், போனைக் கீழ வெச்சுட்டுக் கத்தறேன், கேக்குதா பாருங்க… ம், சொல்லுங்க, கேட்டுச்சா?… வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுதா? பிரமாதம்ங்க. மாசக்கணக்கா கதவுக்குள்ளயும் கூரையிலயும் கருப்பு கருப்பா ஒட்டினீங்களே சத்தம் புகாத ஷீட்டு, அது வேலை செய்யுது. மனசாரச் சொல்றேன், சபாஷ்… திட்டறேனா? பாராட்டறேங்க.

சரி, எப்படி ஆச்சு?… ம்… உள்ள எவ்வளவு அமைதியா இருக்குன்னு பாக்க உக்காந்து கதவைச் சாத்தினீங்க. அப்புறம்?… பேட்டரி இறங்கிடுச்சா? புது பேட்டரி எப்படி இறங்கும்?… ராத்திரி பூரா நீல லைட்டு எரிஞ்சுதா? டாஷ்போர்டுக்குக் கீழ அழகுக்கு ஒட்டினீங்களே, அதுவா?… சரி, உள்ள கதவைத் திறக்கற லீவர் இருக்குமே… கழட்டிட்டீங்க. கண்ணாடி இறக்கறது?… அதுவும் கழட்டியாச்சு. எல்லாத்துக்கும் பட்டன். பட்டனுக்கு கரண்ட்டு வேணும். கரண்ட்டு இல்ல… ஏங்க, எங்கப்பா இதைச் சாமான் ஏத்தற வண்டியா ஓட்டினப்போ அந்தக் கதவுக்கு உள்ள இருந்து ஒரு உதை விட்டா திறந்துக்கும். நீங்க நவீனமாக்கி வெச்சிருக்கீங்க.

காத்து வருதா?… கியர் ராடுக்குத் தரையில போட்ட ஓட்டை வழியாவா? நல்லது. அப்போ உயிருக்கு ஆபத்து இல்ல. மானத்துக்குத்தான்.

இந்தப் புதுக் கண்ணாடியை உடைச்சிடவா? சுத்தியல் இதோ பக்கத்துலயே… ஐயோ, சும்மா கேட்டேன்! எதுக்கு முகம் இப்படி வெளுத்துப் போகுது? தான் மாட்டிக்கிட்டப்போ வராத பதட்டம் கண்ணாடிக்கு வருது பாருங்க.

சரி, என்ன பண்ணணும்?… சார்ஜரு… அலமாரியில… பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால… எடுத்துட்டேன். பானெட்டைத் தூக்கணும். இதை மட்டுமாவது பழைய மாதிரியே விட்டு வெச்சீங்களே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்… ஆமா… ஆமா, சிவப்பு கிளிப்பு முதல்ல, கருப்பு அப்புறம், கடைசியில ஸ்விட்சு. எனக்குத் தெரியும்ங்க. இந்த வண்டிக்கு நான் பேட்டரி மாத்தினப்போ உங்ககிட்ட லைசென்ஸே கிடையாது… சிவப்பு மாட்டியாச்சு… கருப்பு கையில இருக்கு… மாட்டறேன், மாட்டறேன், ஏன் பறக்கறீங்க?

யாரு வர்றாங்க?… சங்கத் தலைவரா? உங்க பழைய வண்டி சங்கத்துத் தலைவரா?… ஆமா, அவரு உங்களை இப்படிப் பாத்தா மானம் கப்பலேறிடும்தான். போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டுத்தான் உக்காருவாரு. அவரு எதுக்கு இப்போ வர்றாரு?… டச் ஸ்கிரீன் கொண்டு வர்றாரா? சும்மாவா? அவரு ஒரு திருகாணி கூட சும்மா கொடுக்க மாட்டாரே… மாத்திக்கறீங்களா? எதை?

ஏங்க. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா போன் கட் ஆயிடாது. எதைக் கொடுத்துட்டு அந்த ஸ்கிரீனை வாங்கறீங்க?

சீட்டா.

எந்த சீட்டு?… இதோ வண்டியில இருந்து கழட்டி சுவரோரமாப் போட்டு வெச்சிருக்கீங்களே, இந்த நீள சீட்டா? இதோ இப்போ வந்து உக்காந்திருக்கேனே, இதுவா?… வாக்கு கொடுத்துட்டீங்களா? யாரைக் கேட்டு?

மாட்டல. கருப்பு என் மடியிலயே இருக்கட்டும்… ஆமா, ரெண்டடி தூரத்துலதான் இருக்கு. நல்லாப் பாத்துக்கோங்க… மிரட்டறேனா? சேச்சே. உக்காந்து பேசறேன்.

இருங்க, அத்தை வர்றாங்க… என்ன அத்தை?… ஸ்டூலா? உங்க பையன்கிட்டதான் இருக்கு… அவரா? வண்டிக்குள்ள உக்காந்து தியானம் பண்றார்… ஆமாத்தை, ரொம்ப அமைதியா இருக்காம். கூப்பிட்டாலும் காதுல விழாது… சரித்தை, முடிச்சதும் கொண்டு வரச் சொல்றேன்… ம், போயிட்டாங்க. உங்களுக்கு ஒரு கும்பிடு வேற போட்டுட்டுப் போறாங்க. பையன் திருந்திட்டான்னு நெனச்சிருப்பாங்க.

சரி, முதல்ல தலைவருக்குப் போன் பண்ணி சீட்டு இல்லன்னு சொல்லுங்க. என்னை ஹோல்டுல போடுங்க, நான் இங்க இருந்தே பாத்துட்டு இருக்கேன்…

…

ம்… ஹலோ… பேசிட்டீங்களா? என்ன சொன்னாரு?… ‘சரி, பரவாயில்ல’ன்னாரா? ஏங்க, என் காதுல பூ சுத்தாதீங்க. உங்க வாய் மட்டும்தான் மூடாம அசைஞ்சுட்டே இருந்துச்சு. நடுவுல நிறுத்தி கேட்ட மாதிரியே தெரியலையே. உங்க தலைவரு ஒருத்தரை அவ்வளவு நேரம் பேச விடற ஆளா?… போனே பண்ணல, இல்ல?… நெனச்சேன்.

பசிக்குதா?… பிஸ்கட் இருக்கு. அந்த ஓட்டை வழியா ஒவ்வொண்ணா அனுப்பறேன். ஆனா கதவு திறக்காது.

சரி, உங்க பக்க நியாயத்தைச் சொல்லுங்க, கேக்கறேன்… ம்… தனித்தனி சீட்டுன்னா ஆளை அப்படியே பிடிச்சுக்கும்… ம்… நடுவுல கப் வெக்க இடம்… இது வழவழன்னு ரெக்சினு, வளைவுல ஆளு வழுக்கிட்டே போயிடுவாங்க…

வழுக்கித்தானேங்க வந்தீங்க?

என்ன முழிக்கறீங்க? அன்னிக்கு ரூம் மாத்த இந்த வண்டியைக் கேட்டு வந்தீங்களே. எங்கப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, நான் ஓட்டிட்டு வந்தேன். சாமான்னு பெருசா என்ன இருந்துச்சு, ஒரு கட்டிலு, துணிப் பெட்டி, ஒரு டேபிள் ஃபேனு. பின்னால வெச்சா உடைஞ்சுடும்னு அந்த ஃபேனைக் குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கிட்டு ஏறினீங்க… ஆமா, அப்புறம் கல்யாணம் ஆகற வரைக்கும் எங்க வீட்டுல உங்க பேரே ஃபேன் தம்பிதானே.

முதல் வளைவுலயே வழுக்கி வந்து என் தோள்ல இடிச்சீங்க. ‘மன்னிக்கணும் மேடம்’னீங்க. மேடமாம்! மறுபடி நகர்ந்து நகர்ந்து போய் ஓரத்துல ஒட்டிக்கிட்டீங்க. எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியல. சரி, இன்னொரு தடவை பாப்போமேன்னு…

ஆமா. வேணும்னேதான் திருப்பினேன். இடது பக்கம் திருப்பினாதானே நீங்க என் பக்கம் வருவீங்க? அதனால இடதாவே திருப்பிட்டுப் போனேன்… இப்போதான் சொல்றேன், என்ன பண்ணுவீங்க, கீழ இறங்கி வந்துடுவீங்களா?… நீங்களும்தான் இருந்தீங்களே! அதே பெட்ரோல் பங்க்கு, அதே சலூனு திரும்பத் திரும்ப வருது. ‘இந்த வழியா இப்பதானே போனோம்’னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? வாசல்ல உக்காந்திருந்த சலூன்காரரே கடைசியில நமக்குக் கை ஆட்ட ஆரம்பிச்சுட்டாரு. பாவம், சரியான அப்பாவி, வழியும் தெரியல, முன்னால பிடிச்சுக்க ஒரு கைப்பிடி இருக்கறதும் தெரியலன்னு நெனச்சேன்.

என்ன சிரிக்கறீங்க?… இல்ல, சிரிக்கறீங்க. கண்ணாடியில நல்லாத் தெரியுது… சொல்லுங்க… என்ன தெரியும்?… கைப்பிடி இருந்தது தெரியுமா? எப்படி?… ஏறும்போதே அதைப் பிடிச்சுத்தான் ஏறினீங்களா?

இருங்க இருங்க. அப்போ அது இருக்குன்னு தெரியும். தெரிஞ்சும் பிடிக்கல… ஒரு கை ஃபேன்ல இருந்துச்சு சரி, இன்னொரு கை சும்மாதானே இருந்துச்சு? அதை என்ன பண்ணீங்க?… என்னது?… தொடைக்குக் கீழ வெச்சு உக்காந்துக்கிட்டீங்களா?… பழக்கதோஷத்துல பிடிச்சிடக் கூடாதுன்னா?

அட திருட்டு மனுஷா!

இத்தனை வருஷம்… இத்தனை வருஷமா ஒரு வார்த்தை… நான்தான் பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டு… ம்… ஒண்ணும் இல்ல… இல்லங்க, அழல. பெயிண்ட் வாசனை கண்ணைக் கரிக்குது… சும்மா இருங்க.

எனக்கு இந்த சீட்டு வேணும்ங்க. நிஜமாவே சொல்றேன். துருப்பிடிச்ச தரையை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சீங்க, இன்ஜினை மாத்தினீங்க, பிரேக்கை மாத்தினீங்க, ஸ்டியரிங் ஒரு விரல்ல சுத்தற மாதிரி ஆக்கினீங்க, நான் வாயைத் திறந்தேனா? சந்தோஷமாத்தான் பாத்துட்டு இருந்தேன். ஆனா நீங்க ஒரு குழியில, நான் ஒரு குழியில, நடுவுல காப்பி கப்புக்கு ஒரு குழின்னா, அதுக்கு நான் பஸ்லயே போயிடுவேன். அதுலயாவது யாராவது வந்து இடிப்பாங்க… கிண்டல் இல்ல. நீங்க என்னைக் கேக்காம இதைக் கொடுக்கறேன்னு சொன்னது எனக்கு வலிச்சுது. அவ்வளவுதான்.

ம்… ம்… இருங்க, மணி அடிக்குது. எட்டிப் பாக்கறேன்…

வந்துட்டாரு. ஷட்டருக்கு வெளிய நிக்கறாரு. கேமரா கழுத்துலயே தொங்குது… குனிஞ்சுக்கறீங்களா? முடியாதுங்க, ஸ்டூல் மேல உக்காந்து குனிஞ்சா ஸ்டியரிங் இடிக்கும்… ஆங், இடிச்சுடுச்சா? சொன்னேன்ல. தேச்சு விட்டுக்கோங்க… இதோ வந்துட்டோம்ங்க! ஒரு நிமிஷம்!… உங்ககிட்ட இல்ல, அவர்கிட்ட சொன்னேன்.

சொல்லுங்க, சீட்டு வெளிய போகுதா, வண்டிக்குள்ள போகுதா?… சத்தமா… வண்டிக்குள்ள. சத்தியமா?… என் மேல வேணாம், அந்தப் புதுக் கண்ணாடி மேல பண்ணுங்க… ஹாங், இப்போ நம்பறேன்.

கருப்பு மாட்டிட்டேன். ஸ்விட்சு போட்டாச்சு… நீல லைட்டு வருதா? இருங்க, பட்டனை அழுத்தாதீங்க, பேசி முடிச்சுக்கலாம். நீங்க வாங்கின அந்தத் தனி சீட்டு ரெண்டும் பெட்டியோட அப்படியே இருக்கு, நாளைக்குத் திருப்பி அனுப்பிடலாம்… பெல்ட்டா? தாராளமாப் போடுங்க, வேணாம்னு சொல்வேனா? நடுவுலயும் ஒண்ணு போடுங்க… யாருக்கா? உங்களுக்குத்தான். ஓரத்துல உக்காந்து வழுக்கி வழுக்கி வர்ற வயசா இது? நேரா நடுவுலயே வந்து உக்காருங்க… ஆமா, நான்தான் ஓட்டுவேன்… எந்த வழியாவா? உங்களுக்குத் தெரிஞ்ச வழிதான்.

ம்?… ஆமா, நியாயம்தான். வாக்கு கொடுத்துட்டு அவரை வெறுங்கையோட அனுப்பினா நல்லா இருக்காது… யோசிக்கறேன்… ஏங்க, பழசு ஆட்டம் காணுதுன்னு பளபளன்னு புதுசா ஒரு கைப்பிடி வாங்கி வெச்சிருந்தீங்களே, டாஷ்போர்டுல மாட்ட? அதை அவருக்குக் கொடுத்து அனுப்பிடுங்க… அப்போ நமக்கா?

நமக்கு எதுக்குங்க அது?

வெச்சிடறேன். பட்டனை அழுத்துங்க.