தண்ணீர் கேட்காத புல்

நீலத்தண்டுப் புல்லுக்குச் செல்லம் கொடுக்கக் கூடாது, ஷெரிப் ஐயா. உரம் போட்டால் கொழுத்துச் சாய்ந்துவிடும். வெயிலில் நட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே இடுப்பளவுக்கு வளரும்.

எங்கள் கான்சஸ் மண்ணுக்குச் சொந்தக்காரப் புல் அது. அப்பாவின் மேய்ச்சல் நிலத்தை உழுது கடைகள் கட்டினார்களே, அதற்கு முன்பே போய் நான் தோண்டி எடுத்து வந்த வேர்கள்தான் என் முற்றத்தில் இருந்தவை. அப்பா என்று எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அக்டோபரில் செம்பு நிறத்துக்கு மாறி நின்றபோது, பக்கத்து வீட்டு டெல்மர் புல்வெட்டும் வண்டியை ஓட்டி வந்து எல்லாவற்றையும் மழித்தான்.

“லாவெர்ன் அக்கா, உங்க வீடு மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்குன்னு ஊரே சிரிக்குது. மொட்டை போட்டு விட்டிருக்கேன், கூலி எல்லாம் வேண்டாம்.”

புல் மறுபடி முளைத்தது, உண்மைதான். அவனுடைய சிரிப்பு மட்டும் என் நெஞ்சிலேயே கிடந்து புழுத்தது.

அடுத்த கோடையில் மழை இல்லை. அவனுடைய புல்தரை கருகிப்போனது. வேலியில் சாய்ந்து அசடு வழிந்தான்.

“உங்களோடது மட்டும் எப்படிக்கா பச்சையா நிக்குது?”

“அது தண்ணி கேக்காது தம்பி. உனக்கும் நட்டுத் தரேன்.”

சொன்னபடி நட்டுக் கொடுத்தேன். ஜன்னல்களுக்குக் கீழே, முன்வாசலுக்கு இருபுறமும், பின்வாசலுக்கு இருபுறமும். மரப்பலகை வீட்டுக்கு அது எடுப்பாக இருந்தது. குளிர்காலத்தில் வெட்டாதே, காய்ந்து நிற்பதுதான் அழகு என்றும் சொல்லிவைத்தேன். அது நன்றாக அடர்ந்து வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். நான் அவசரப்படவில்லை.

ஏப்ரலில் இங்கே எல்லோரும் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைப்பார்கள். புகையைப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள். டெல்மருக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம். வீட்டில் புகை பட்டால் எச்சரிக்கும் மணி ஓயாமல் கத்துகிறது என்று புலம்பினான்.

“பேட்டரியக் கழட்டி வைப்பா. இந்த மாசம் நாங்க எல்லாரும் அப்படித்தான்.”

அதில் பொய் இல்லை. என் வீட்டிலும் கழற்றித்தான் வைத்திருந்தேன்.

உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்து, முற்றத்துப் புல்லை எரிக்கப்போவதாக முறையாகச் சொன்னேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவன் வீட்டுப் பக்கம்தான். காய்ந்ததை எரித்தால்தான் புதுத் தளிர் வரும், அதற்காகத்தான் தீ வைத்தேன்.

தீ வேலி தாண்டி அவன் வாசல் புல்லுக்குப் போனது. அவன் உள்ளிருந்து ஜன்னலைத் தட்டினான். “அக்கா, தண்ணி ஊத்துங்கக்கா,” என்றது தெளிவாகக் கேட்டது. என் கையில் குழாய் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் என் வீட்டுச் சுவர் இன்னும் முழுசாக நனைந்திருக்கவில்லையே.