டெக்சாஸில் தூவிய கறித்தூள்

“பதினாலு மணித்தியாலம் புகையில வெந்த இறைச்சிக்கு மேல ஆராவது கறித்தூள் தூவுவினமே, அத்தான்?”

தொண்ணூறுகளில் ஒரு மத்தியானம். லண்டனில் ஈஸ்ட் ஹாம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். சூட்கேஸ்களில் விமான நிலையத்தில் கட்டிய அடையாளச் சீட்டுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பத்து நாள் அமெரிக்காவில் கார் ஓடி, ஊருக்கு ஊர் பார்பிக்யூ கடைகளில் தின்றுவிட்டு வருகிறார்கள் என்பது இளையவர் போட்ட சத்தத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“உறைப்பில்லாமல் எப்பிடித் தின்னுறது?” என்றார் அத்தான்.

“டெக்சாஸில அந்தக் கடைக்கார மனுசன் மேசையில சோஸே வைக்கேல்லை. வைச்சால் தன்ர இறைச்சிக்கு அவமரியாதை எண்டவன். நீங்கள் அவன்ர கண்ணுக்கு முன்னால தூள் பையை அவிழ்க்கிறியள்.”

“அவன் கோவிக்கேல்லையே. தொட்டு நக்கிப் பாத்திட்டு நல்லாயிருக்கெண்டவன்.”

“ஓம். உடன நீங்கள் பையோட தூக்கிக் குடுத்திட்டியள்.”

“கேட்டவன், குடுத்தனான். அதில என்ன பிழை?”

இளையவர் பல்லைக் கடித்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அது அக்கா வறுத்துத் தந்த தூள். முதல் ரண்டு கடையிலயும் நீங்கள் கை கழுவப் போன நேரம் நானும் அதைத்தான் தூவித் திண்டனான். பை போன பிறகு ஆறு கடை, அத்தான். ஆறு கடையிலயும் வெறும் இறைச்சியைச் சப்பிக்கொண்டு, நல்லாயிருக்கு நல்லாயிருக்கெண்டு சொன்னனான்.”