காலியான திரையும் பச்சைதான்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, இயக்கப் பிரிவுத் தலைவர் அவர்களே, ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் கணினி மையத்தின் வலையமைப்புக் கண்காணிப்பாளர், நாம் எல்லோரும் நோட்டக்காரர் என்று அழைத்த அண்ணன், இன்று இல்லை. வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு இதை ஈடு செய்ய முடியாத இழப்பு என்கிறது. அதில் கையெழுத்திட்ட தலைவர்தான் போன மாதம் அவரைப் பணியிடைநீக்கம் செய்த உத்தரவிலும் கையெழுத்திட்டார். அதில் சொல்லப்பட்ட காரணம், கவனக்குறைவு.

யாருக்குக் கவனக்குறைவு? நோட்டக்காரருக்கா?

வந்திருக்கும் உறவினர்களுக்கு அவருடைய வேலை என்னவென்று தெரியாமல் இருக்கலாம். சொல்கிறேன். எங்கோ ஒரு மருத்துவமனைக் கவுண்டரில் ஒருவர் காப்பீட்டு ஒப்புதலுக்காகத் திரையைத் திறக்கிறார். அப்போது இங்கே மெயின்பிரேம் என்ற நம் பெரிய மெஷினோடு ஓர் இணைப்பு தொடங்குகிறது. வேலை முடிந்ததும் அது முடிகிறது. அதைத்தான் செஷன் என்கிறோம். எப்போது தொடங்கியது, பதில் வர எவ்வளவு நேரமானது, ஒழுங்காக முடிந்ததா, பாதியில் அறுந்ததா என்று ஒவ்வொரு செஷனின் தகவலையும் சேகரித்துப் பார்த்தவர் அண்ணன். ஒரு கவுண்டருக்குப் பதில் தாமதமானால், அங்கிருப்பவர் புகார் சொல்வதற்கு முன்பே இவர் போன் செய்வார். "உங்க லைன் இழுக்குதுமா. பாத்துட்டேன், சரி பண்றேன்." அந்தக் குரலுக்கா கவனக்குறைவு?

பணியிடைநீக்கத்துக்குக் காரணமான அன்று என்ன நடந்தது? மெஷின் திணறியது. அண்ணனும் நாங்கள் மூவரும் வேலை செய்த அறைக்குத் தலைவர் வந்தார். செஷன் சேகரிப்புதான் மெஷினைத் தின்கிறது, நிறுத்து என்றார். எல்லாவற்றையும் சேகரிக்கவில்லை, தேவையில்லாததை ஏற்கெனவே வடிகட்டிவிட்டேன், மருத்துவமனை லைன்களை மட்டுமாவது விட்டுவையுங்கள் என்று அண்ணன் கெஞ்சினார்.

"காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரையா சார் உடைப்பீங்க?"

"இங்க தெர்மாமீட்டரே கொதிக்குதுய்யா. நிறுத்து."

எழுத்தில் கேட்டார் அண்ணன். கிடைக்கவில்லை. நம் அலுவலகத்தில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு எப்போதும் வாயால்தான் வரும். விசைப்பலகையில் தட்டுகிறவன் பெயர்தான் கணினியில் பதியும். அன்று பதிந்தது அண்ணன் பெயர்.

தோழர்களே, நம் கண்காணிப்புத் திரையின் வெட்கக்கேடு உங்களுக்குத் தெரியும். கோளாறு பற்றிய தகவல் வந்தால்தான் அது சிவப்பாகும். தகவலே வராவிட்டால்? காலியான திரையும் பச்சைதான்! அன்று மதியம் செஷன்கள் ஒவ்வொன்றாகப் பதில் வராமல் பாதியில் நின்றன. கவுண்டர்களின் முன்னால் நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் காத்துக் கிடந்தார்கள். இங்கே தலைவர் இயக்குநரை அழைத்துவந்து, பாருங்கள், எல்லாம் பச்சை என்று காட்டினார். பக்கத்தில் நின்ற அண்ணன் சொன்னார்: "ஒண்ணுமே தெரியல சார். அதான் பச்சை."

வழக்கமான கிண்டல் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

எங்கே அறுந்தது என்று தேடத் தகவல் இல்லை. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். யாராவது ஒருவர் பலியாக வேண்டுமே? சேகரிப்பை நிறுத்தியது உன் பெயரில்தானே என்றது விசாரணை. அறையிலிருந்த நாங்கள் மூவரும் போய், நிறுத்தச் சொன்னது யார் என்று சொன்னோம். உங்களை யாரும் கேட்கவில்லை என்றார் விசாரணை அதிகாரி. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, வெளியே பெஞ்சில் காத்திருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

இப்போது இரக்கம் காட்டுகிறார்களாம். இறந்தவர்மேல் விசாரணை எதற்கு, கோப்பை மூடிவிடுகிறோம் என்கிறார்கள். மூடினால் கவனக்குறைவு என்ற சொல் உள்ளேயே கிடக்கும். அண்ணி நேற்று என்னிடம் கேட்டார்: "அடுப்படியில கேஸ் சிலிண்டரை மூடிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்குற மனுசன் தம்பி அவரு. அவருக்கா இந்தப் பேரு?"

இயக்குநர் அவர்களே, கோப்பை மூடாதீர்கள். விசாரியுங்கள். எங்கள் மூவரையும் கூப்பிடுங்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மூடுங்கள்.

அண்ணனின் வேலையை நாங்கள் தொடர்வோம். இன்று காலை மருத்துவமனை லைன்கள் அனைத்திலும் சேகரிப்பைத் தொடங்கிவிட்டோம். தகவல் வராத லைன் இனி பச்சையாகத் தெரியாது, கறுப்பாகத் தெரியும். வாய்மொழி உத்தரவுக்கு நிறுத்த எங்கள் அறையில் இனி ஆள் இல்லை.

அடுத்தது மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. வேண்டாம். சத்தம் வராவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பவர்களிடம்தான் அண்ணன் தோற்றார். அன்று எங்கள் அறையில் "நிறுத்து" என்று சொன்னவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். அவர் எழுந்து, சொன்னது நான்தான் என்று அண்ணி காதில் விழும்படி சொல்லட்டும்.

மைக்கை நான் அணைக்கவில்லை.